பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது? பாத்தர்ஸ்ட் வீதிப் பெற்றோரின் கணக்கு

ரொறன்ரோவின் பாத்தர்ஸ்ட் வீதி வழியே குளிர்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் வடக்கு நோக்கிச் செல்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகள் இன்னும் வகுப்பறையில் இருக்கும் வேளையிலேயே அவ்வீதியை அண்டிய சில பாடசாலைகளின் வாயில்கள் திறந்துவிடும். உச்சந்தலையில் சிறு வட்டத் தொப்பி அணிந்த சிறுவர்களும், நீண்ட பாவாடை அணிந்த சிறுமிகளும் புத்தகப் பைகளுடன் வீடு நோக்கி விரைவார்கள். சூரியன் மறையுமுன் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். பல ஆண்டுகளாக இக்காட்சியைப் பார்த்தும் அப்பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளைப் பற்றி நாம் எதுவும் அறிந்திருக்கவில்லை. அறிய நேர்ந்தது வேறொரு வழியால்.

நாம் பணிபுரியும் மருந்துப் பொதி செய்யும் தொழிற்சாலையில் அடுத்த மேசையில் ஒரு யூதப் பெண்மணி இருக்கின்றார். உக்ரேனின் ஒடெசா நகரில் பிறந்து, சிறுமியாக இருக்கையில் பெற்றோருடன் கனடா வந்தவர். ஊரில் நாம் ஆசிரியப் பணி செய்தோம் என்று அறிந்த நாள் முதலாய் எம்மை "ரீச்சர்" என்றே அழைப்பார். சென்ற இலையுதிர் காலத்தில் ஒருநாள் மதிய உணவு வேளையில் மூன்று பாடசாலைகளின் கையேடுகளை எம் முன்னே பரப்பி வைத்தார். அவருடைய மகனுக்கு அடுத்த ஆண்டு நான்கு வயது. மூன்றும் தனியார் யூத ஆரம்பப் பாடசாலைகள். "ரீச்சர், நீங்கள் படிப்பித்தவர். இவற்றில் எது நல்ல பாடசாலை, எது நல்ல காகிதம் என்று சொல்லுங்கள்" என்றார். நல்ல கேள்வி என்று நினைத்தோம். மூன்று கையேடுகளிலும் படங்கள் ஒரே மாதிரியாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

அப்பாடசாலைகள் எவை என்று இங்கு எழுதப் போவதில்லை. ஆனால் அவருடன் இரண்டு திறந்த நாள் கூட்டங்களுக்குப் போய் வந்ததிலும், பின்னர் தேடி வாசித்ததிலும் நாம் அறிந்துகொண்டவை எமது வாசகர்களுக்கும் பயன்படும் என்று கருதுகின்றோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புவதா, நீச்சலுக்கு அனுப்புவதா என்று ஒவ்வொரு புரட்டாதியிலும் தடுமாறுகின்றவர்கள் அல்லவா நாம்?

முதலில் பணம். அங்குதான் எல்லாப் பெற்றோரும் தொடங்குகின்றனர். ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பாடசாலைகளை அரசாங்கமே முழுச் செலவில் நடத்துகின்றது. 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 93 ஆம் பிரிவு அவர்களுக்கு அந்த உரிமையைக் காப்பாற்றிக் கொடுத்தது. யூதர்கள், இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவர்கள் ஆகியோருக்கு அவ்வுரிமை கிடையாது. இது நீதியா என்று கேட்டு யூதப் பெற்றோரும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தனர். 1996 இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், பணம் கொடுக்க மாகாணத்துக்குக் கடமை இல்லை என்று தீர்ப்பளித்தது. ரொறன்ரோ யூதத் தந்தை ஒருவர் அத்துடன் நிற்காமல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் குழுவுக்கு முறையிட்டார். 1999 இல் அக்குழு, ஒரு மதத்துக்குக் கொடுத்து மற்றையவற்றுக்கு மறுப்பது பாரபட்சமே என்று கூறியது. கூறியதோடு சரி. ஒன்ராறியோ அசையவில்லை. 2007 இல் ஜோன் ரோறி என்ற அரசியல்வாதி எல்லா மதப் பாடசாலைகளுக்கும் நிதி தருவதாக வாக்குறுதி அளித்துத் தேர்தலில் நின்றார், தோற்றார். அதன்பின் அப்பேச்சை எடுக்கப் பெரிய கட்சி எதுவும் துணியவில்லை.

அயலிலுள்ள கியூபெக் மாகாணத்தில் நிலைமை வேறு. மாகாணப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் தனியார் பாடசாலைகளுக்கு அரசாங்கம் செலவில் ஒரு பகுதியைக் கொடுக்கின்றது. ஆகவே மொன்றியல் யூதப் பெற்றோரின் சுமை சற்று இலகுவானது. (அதே கியூபெக்கில் 1903 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பாடசாலை விடயத்தில் யூதர்களைப் புரட்டஸ்தாந்துக்காரராகக் கொள்ள வேண்டும் என்றது. கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் என்னும் இரண்டு பெட்டிகள் மட்டுமே இருந்த நாட்டில் யூதப் பிள்ளையை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் திண்டாடியிருக்கின்றனர்.)

ரொறன்ரோவில் யூத ஆரம்பப் பாடசாலைக் கட்டணம் ஒரு பிள்ளைக்கு ஆண்டொன்றுக்குப் பல்லாயிரம் டொலர். பலவற்றில் அது 20,000 டொலரை அண்டி நிற்கின்றது. எமது தோழியின் கணவர் பாரவூர்தி ஓட்டுபவர். அரசாங்கப் பாடசாலையிலோ நான்கு வயதுப் பிள்ளைக்கு முழுநாள் பாலர் வகுப்பு இலவசம். ஆக, அவர் ஒப்பிட்டது இருபதாயிரத்தைப் பூச்சியத்தோடு.

கட்டணக் கணக்கில் புதியவர்கள் அறியாத சில நுணுக்கங்கள் உண்டு. கனடாவின் வரித் திணைக்களம் 1975 முதல் ஒரு விதியைக் கடைப்பிடித்து வருகின்றது. மதக் கல்வியும் பொதுக் கல்வியும் சேர்ந்து நடக்கும் பாடசாலையில், பொதுக் கல்விக்கான தலைக்குரிய செலவைக் கழித்து எஞ்சும் கட்டணத்தை நன்கொடையாகக் கொண்டு பற்றுச்சீட்டு வழங்கலாம். சிறு வயதுப் பிள்ளையாயின் கட்டணத்தில் பராமரிப்புக்குரிய பகுதியைப் பிள்ளைப் பராமரிப்புச் செலவாகவும் காட்ட முடியும். ஆகவே கையேட்டில் அச்சிட்ட தொகை வேறு, ஆண்டு முடிவில் கையை விட்டுப் போகும் தொகை வேறு. மறுபக்கத்தில் பதிவுக் கட்டணம், கட்டட நிதி, பஸ் கட்டணம், நிதி சேகரிப்பு விருந்து என்று வேறு சில தொகைகள் சிறிய எழுத்தில் நிற்கும். அவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டும்படி தோழியிடம் சொன்னோம். கூட்டினார். சிறிது நேரம் பேசவில்லை.

கட்டண நிவாரணம் உண்டு. வசதி குறைந்த குடும்பங்களுக்காக யூத சமூகம் பொதுவில் பணம் திரட்டிப் பாடசாலைகளுக்குக் கொடுக்கின்றது. 1949 இல் யூதக் கல்விச் சபை அமைந்த காலந்தொட்டே சமூகத்தின் பொது நிதியும் பாடசாலைகளும் இப்படிப் பிணைந்திருக்கின்றன. ஆனால் நிவாரணம் பெற வருமான வரிப் பத்திரம், வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு குழுவின் முன் வைக்க வேண்டும். அகதி விசாரணை மேசைகளின் முன் இருந்து பழகிய எமக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. அவருக்கோ அது சுட்டது.

கட்டண உயர்வு எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு உயர்நிலைப் பாடசாலை ஒன்றே சாட்சி. ரொறன்ரோ யூதர்களின் பொது உயர்நிலைப் பாடசாலையாகிய தனன்போம் சற் என்னும் நிறுவனம் மாணவர் தொகை வீழ்ந்ததனால் 2017 இல் தன் வடக்கு வளாகத்தை மூடியது. அதே வேளையில் செல்வந்தர் சிலரின் பெருங்கொடையால் கட்டணத்தை 25,000 டொலருக்கு மேலிருந்து 18,500 டொலருக்குக் குறைத்தது. மாணவர் தொகை மீண்டும் உயர்ந்தது. மதப்பற்றுக் குறைந்து போயிற்று என்று அதுவரை புலம்பியவர்கள் பலர். குறைந்து போனது பணப்பைதான் என்று தெரிய வந்தது.

இனிப் பாடசாலைகளின் வகை. யூதப் பாடசாலை என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. வைதிக நெறியினர், பழைமை பேணும் நடுநெறியினர், சீர்திருத்த நெறியினர் என மூன்று பெரும் பிரிவுகள் உள்ளன. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பொதுப் பாடசாலைகளும் உள்ளன. இறுக்கமான வைதிகப் பாடசாலைகளில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கட்டடங்கள். ஏனையவற்றில் கலந்து படிப்பார்கள்.

பெயர்ப் பலகையே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். அசோசியேற்றட் ஹீப்ரு ஸ்கூல்ஸ் தன் தொடக்கத்தை 1907 ஆம் ஆண்டுக்குக் கொண்டு செல்கின்றது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த ஏழைத் தையற்காரரும் தெரு வியாபாரிகளும் பிள்ளைகளை மாலை வகுப்புக்கு அனுப்பிய காலம் அது. பியாலிக் பாடசாலை எபிரேய மொழியின் பெருங்கவிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. சமயத்தை விட மொழிக்கும் இன வரலாற்றுக்கும் முதலிடம் கொடுத்த தொழிலாளர் இயக்க மரபில் தோன்றியது. 1974 இல் தோன்றிய சீர்திருத்த நெறிப் பாடசாலைக்கு லியோ பெக் என்னும் பெர்லின் மதகுருவின் பெயர். நாசிகளின் தெரேசியன்ஸ்ரற் முகாமில் அடைக்கப்பட்டு உயிர் மீண்டவர் அவர். 1996 இல் தொடங்கப்பட்ட ஹெஷல் பாடசாலையின் பெயருக்குரியவர், 1965 இல் செல்மா நகரில் மார்ட்டின் லூதர் கிங்குடன் நடந்த மதகுரு. எந்தப் பெரியாரின் பெயரைப் பாடசாலைக்கு இடுகின்றார்கள் என்று பார்த்தால் எப்படிப்பட்ட பிள்ளையை உருவாக்க விரும்புகின்றார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். 1848 இல் நாவலர் வண்ணார்பண்ணையில் தொடங்கிய பாடசாலைக்குச் சைவப்பிரகாசம் என்று பெயரிட்டதும் சும்மா அல்ல. மிஷன் பாடசாலையில் பிள்ளை படித்தால் பிள்ளை நமதா, அவர்களதா என்ற அச்சம் யாழ்ப்பாணத்தாருக்கும் ஒரு காலம் இருந்தது.

அவ்வச்சம் ரொறன்ரோ யூதர்களுக்கும் இருந்தது. ஒன்ராறியோ அரசாங்கப் பாடசாலைகளில் காலைக் கடமையில் கிறிஸ்தவப் பிரார்த்தனை சொல்லும் வழக்கத்துக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் 1988 இலேதான் முடிவு கட்டியது. அதுவரை யூதப் பிள்ளை ஒன்றில் சேர்ந்து சொல்ல வேண்டும், அல்லது விலக்குக் கேட்டு எல்லோர் முன்னிலையிலும் வேறுபட்டு நிற்க வேண்டும்.

எமது தோழி சென்ற முதலாவது பாடசாலை வைதிக நெறியைச் சேர்ந்தது. அங்கு பிள்ளையின் தாய் யூதரா, தாயின் தாய் யூதரா என்று ஆதாரம் கேட்டனர். யூத மதச் சட்டப்படி இனம் தாய்வழியே வருவது. திருமணப் பத்திரம் மதகுருவிடம் பெற்றதாக இருந்தால் போதும்; ஆனால் சோவியத் ஆட்சியில் அவருடைய பாட்டி பதிவுக் கந்தோரில் அல்லவா மணம் முடித்தார்? கடைசியில் ஒரு பழைய சோவியத் கடவுச்சீட்டைத் தேடி எடுத்தார்கள். அந்நாட்டு அடையாளப் பத்திரங்களில் ஐந்தாம் வரி இனத்தைக் குறிப்பது. பாட்டியின் பத்திரத்தில் அவ்வரியில் "யூதர்" என்று இருந்தது. "இந்த வரியால் எங்கள் அப்பாவுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இப்போது இதே வரியால் என் மகனுக்குப் பாலர் வகுப்புக் கிடைக்கப் போகிறது" என்று சொல்லிச் சிரித்தார். அடையாள அட்டையில் எழுதப்பட்டிருப்பது எதைச் செய்யும் என்பதை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை, நாமும் சிரித்தோம்.

அப்பாடசாலையை அவர் ஏற்கவில்லை. காரணம் ஆதாரம் கேட்டது அல்ல. அங்குள்ள பிள்ளைகளின் வீடுகளில் பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரங்கள். ஓய்வுநாளில் கார் ஓட்டுவதில்லை. அவர் வீட்டில் அப்படி இல்லை. மகனின் பிறந்தநாளுக்கு வகுப்புப் பிள்ளைகளை அழைத்தால் அவர்கள் வந்து சாப்பிட முடியாது. பாடசாலை ஒன்று சொல்ல, வீடு ஒன்று செய்ய, நடுவில் பிள்ளை நிற்கக் கூடாது என்றார். திறந்த நாள் கூட்டத்தில் எந்த அதிபரும் சொல்லாத விடயம் இது. எமது அனுபவத்திலும் பிள்ளைகள் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள இடைவெளியை எம்மை விட விரைவாகக் கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாவது பாடசாலையில் எபிரேயத்தை எபிரேயத்திலேயே கற்பிக்கும் முறை. நாளின் ஒரு பகுதியில் ஒன்ராறியோப் பாடத்திட்டம் ஆங்கிலத்தில். மற்றப் பகுதியில் எபிரேய மொழி, வேதம், பண்டிகைகள், வரலாறு ஆகியன எபிரேயத்தில். இரட்டைப் பாடத்திட்டம் என்பதால் பள்ளி நாள் நீளமானது. வகுப்பைப் பார்வையிட அனுமதித்தபோது நாம் பின் வரிசையில் அமர்ந்திருந்தோம். எபிரேயத்துக்கு எழுத்து 22. அவற்றில் ஐந்துக்குச் சொல்லின் ஈற்றில் வேறு வடிவம். வலமிருந்து இடமாக எழுதுவது. எழுத்துக்கள் பெரும்பாலும் மெய்களே. உயிரொலியைக் கீழும் மேலும் புள்ளிகளாலும் கோடுகளாலும் காட்டுவார்கள். பாலர் நூல்களில் அப்புள்ளிகள் இருக்கும், பெரியவர்களின் பத்திரிகையில் இரா. அதாவது பிள்ளை வளர வளரப் புள்ளிகள் மறைந்துவிடும். சொல்லை அறிந்தவனே வாசிக்க முடியும். 247 எழுத்தையும் மனனம் செய்வித்த எமக்கு, அவர்களுக்கு வேலை குறைவு என்று முதலில் ஒரு பொறாமை. புள்ளி மறையும் கதையைக் கேட்டதும் அது போய்விட்டது. முதன்முதல் எழுத்தறியும் பிள்ளைக்கு எழுத்தின் மேல் தேன் தடவி நக்கக் கொடுக்கும் பழைய வழக்கம் அவர்களுக்கு உண்டு. பச்சரிசியில் ஏடு தொடக்கிய விரல்களுக்கு இது விளங்கும். முதலாம் வகுப்பில் பிரார்த்தனை நூலைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் விழா ஒன்றும் பல பாடசாலைகளில் நடக்கின்றது. பாட்டிமார் முன்வரிசையில் இருந்து அழுவார்களாம்.

இங்கேதான் சிக்கல் வந்தது. மகனுக்குப் பேச்சுச் சற்றுப் பிந்தியது. வீட்டில் ரஷ்ய மொழி, தொலைக்காட்சியில் ஆங்கிலம். இனி எபிரேயமுமா? அப்பாடசாலையில் ஒருவர், முதலில் ஒரு மொழியை ஒழுங்காகப் பேசட்டும், ரஷ்ய மொழியை வீட்டில் நிறுத்துங்கள் என்று ஆலோசனை கூறிவிட்டார். அன்று தோழி வேலையில் இரண்டு பெட்டிகளைப் பிழையாகப் பொதி செய்தார். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ரஷ்ய மொழியை நிறுத்தினால் பாட்டியும் பேரனும் எந்த மொழியில் பேசுவது?

எமது சமூகத்திலும் எத்தனையோ பெற்றோருக்கு இதே ஆலோசனை கிடைத்திருக்கின்றது; தமிழை நிறுத்தியவர்களை நாம் அறிவோம். ஆகவே இதனை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். இரண்டு மொழி கேட்டு வளர்வதனால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை என்பதே இன்று பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களின் பொதுவான கருத்து. தாமதம் உள்ள பிள்ளைக்கு உதவி தேவை. அவ்வுதவிக்காக வீட்டு மொழியைப் பறிக்க வேண்டியதில்லை. தோழி பிள்ளையைச் சிகிச்சையாளர் ஒருவரிடம் காட்டினார். ரஷ்ய மொழியிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள் என்று அவர் கூறி அனுப்பினார்.

ஆனால் வேறொரு கேள்வி எஞ்சியது. அரசாங்கப் பாடசாலையில் விசேட உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அதற்கான ஆசிரியர்களும் அதற்கான சட்டமும் உண்டு. தனியார் பாடசாலையில் அவ்வுதவி பாடசாலையின் மனத்தையும் நிதியையும் பொறுத்தது. மேலும் ஒன்ராறியோவில் தனியார் ஆரம்பப் பாடசாலைகளைக் கல்வி அமைச்சுப் பரிசோதிப்பதில்லை. அங்கு கற்பிப்பவர் ஆசிரியர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நல்ல பாடசாலைகள் தாமாகவே சான்றிதழ் உள்ளவர்களை நியமிக்கின்றன. ஆயினும் கேட்க வேண்டும். எத்தனை ஆசிரியர்கள் சென்ற ஆண்டு விலகினர்? வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு என்ன செய்வீர்கள், அதற்கு வேறாகப் பணம் உண்டா? எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் எங்கே போகின்றனர்? இடையில் விட்டுப் போனவர்கள் ஏன் போயினர்? இக்கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தோம். கடைசிக் கேள்விக்கு ஓர் அதிபர் மட்டுமே நேராகப் பதில் சொன்னாராம். மூன்றாவது பாடசாலை அது.

கையேட்டில் எழுதாத இன்னொரு விடயமும் உண்டு. மூன்று பாடசாலைகளின் வாயிலிலும் காவலர் நின்றார்கள். 2024 ஆம் ஆண்டில் நோர்த் யோர்க்கிலுள்ள யூதப் பெண்பிள்ளைகளின் ஆரம்பப் பாடசாலை ஒன்றின் மீது மே, ஒக்ரோபர், டிசம்பர் என மூன்று தடவை துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. பிள்ளைகள் இல்லாத வேளையாதலால் எவருக்கும் காயமில்லை. பாடசாலைக் கூரை மேல் குண்டு விழுந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். அச்செய்தியை வாசித்த அன்று எமக்கும் சரியாக உறக்கம் வரவில்லை. தோழியிடம் இதுபற்றிக் கேட்டோம். "பயம்தான். ஆனால் பயத்துக்காகப் பெயரை மறைப்பதை எங்கள் பாட்டி எழுபது வருடம் செய்து பார்த்துவிட்டா" என்றார். மேலே அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

மூன்றாவது பாடசாலை சிறியது. எல்லா நெறியினரையும் சேர்ப்பது. விளையாட்டுத் திடல் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை; நூலகம் ஒரு நடைபாதை. எபிரேயம் நாள்தோறும் உண்டு, ஆனால் இரண்டாவது பாடசாலையின் அளவுக்கு இல்லை. அதிபர் பையனை நிலத்தில் இருத்தி, தானும் நிலத்தில் இருந்து, அரை மணி நேரம் கட்டைகள் அடுக்கி விளையாடிவிட்டுத்தான் தாயுடன் பேச வந்தாராம். இப்பையனுக்கு எம்மால் செய்யக்கூடியது இவ்வளவு, செய்ய முடியாதது இவ்வளவு என்று பிரித்துச் சொன்னாராம். கணவருக்கு விருப்பமில்லை, இருபதாயிரம் கொடுத்துத் திடல் இல்லாத பாடசாலையா என்று கேட்டார். அரசாங்கப் பாடசாலையும் ஞாயிறு எபிரேய வகுப்பும் போதும் என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் உண்டு. வாரம் இரண்டு மணி நேர வகுப்பில் ஒரு மொழி எவ்வளவு தூரம் வரும் என்று எம்மைக் கேட்டார்கள். இரண்டு மணி நேரத் தமிழ் வகுப்புக்குப் பத்து ஆண்டுகள் போய்வந்த எம் மகன் இப்பத்திரிகையின் தலைப்புக்களை எழுத்துக்கூட்டி வாசிப்பான், கட்டுரையை வாசிக்கமாட்டான் என்ற உண்மையைச் சொன்னோம். சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது.

நிவாரணக் குழுவின் கடிதம் பங்குனியில் வந்தது. கட்டணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகையைத் தள்ளியிருந்தனர். மீதிக்குத் தோழி ஞாயிற்றுக்கிழமை மேலதிக வேலை எடுத்திருக்கின்றார். கணவர் திடலைப் பற்றிய முறைப்பாட்டை இன்னும் கைவிடவில்லை. பையன் புரட்டாதியில் மூன்றாவது பாடசாலைக்குப் போகத் தொடங்கினான். பேச்சுச் சிகிச்சை வாரம் ஒருமுறை வெளியில் நடக்கின்றது. வீட்டில் ரஷ்ய மொழி தொடர்கின்றது. எபிரேயத்தில் எண்ண ஏழுக்குமேல் வரவில்லையாம். பிரார்த்தனைப் பாட்டொன்றின் முதல் வரியைப் பாட்டிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றான். அவவுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிய வந்தது.

நிவாரணம் ஓர் ஆண்டுக்கு மட்டுமே. அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தைத் தை மாதத்தில் மறுபடியும் கொடுக்க வேண்டும். படிவத்துடன் எம் மேசைக்கு வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.